பீப்பாய்ப் படகில் நாங்கள் இருவர்

10.06.1979, ஞாயிறு

மச்சினன் ஆறு வெற்றுப் பீப்பாய்களின் மேல் பலகை அடித்துச் செய்த படகைப் பார்க்க, ஊரையொட்டிய கடலேரியான களப்புக்குப் போனோம். பிள்ளைகளோடு ஒரு பகல் முழுக்க உலாவ அது உதவுமா என்று அறியவேண்டும். தண்ணீரென்றால் நடுங்கும் என் மனைவி ஹாஜரா கரையிலேயே நிற்பாள் என்றிருந்தேன். அவளோ செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, நாலு மூலையையும் மிதித்துப் பார்த்தாள். ஒரு மூலை தாழ்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சுத்திவரக் கம்பி அடிக்காம புள்ளைகள ஏத்த உடமாட்டன்.”

“அப்ப ஊட்டுக்குப் போவமா?”

“ஏன் மச்சான்? நாம ரெண்டு பேரும் ஒருக்காப் போய்ட்டு வருவமே.”

பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்கும்வரை மிதந்தோம். தான் சின்ன வயதில் களப்பில் மூழ்கித் தாழப்போனதை இன்றுதான் சொன்னாள். கல்யாணமாகிப் பதினொரு வருடம். நான் ஒருநாளும் கேட்டதில்லை.