தள்ளுவண்டி டியூப்பும் அம்மாவின் புண்ணும்

அன்பு மகள் ரூபினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அதுவும் சும்மா சுகமில்லை, துள்ளிக் குதிக்கிற சுகம். நீயும் மாப்பிள்ளையும் மெல்பர்ன் குளிரில் சளி கிளி பிடிக்காமல் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று தொடங்கினால் உன் அம்மா கட்டிலிலிருந்து ஒன்பது சொல்வாள், நீயும் மீட்டிங் என்று பாதியில் ஓடிவிடுவாய். இதில் யாரும் குறுக்கே பேச முடியாது பார்.

விசயம் இதுதான் கண்ணு, அம்மாவின் படுக்கைப் புண் மூடிவிட்டது! செவ்வாய்க்கிழமை கிளினிக்கிலிருந்து மிஸி விமலா வந்தாள், வாரா வாரம் வந்து புண்ணை அளந்து எழுதிக்கொண்டு போவாளே அந்த நர்ஸ்தான். காகித ஸ்கேலை எடுத்தவள் முதுகுக்குக் கீழே இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டு ஸ்கேலைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டாள். அளக்க ஒண்ணும் இல்ல அங்கிள், தோலு மூடிருச்சு என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கையுறையைக்கூடக் கழற்றாமல் ஒரு காலில் சிலிப்பரோடு பக்கத்து வீட்டு அப்பளசாமியிடம் ஓடினேன். நான் ஓடி வந்த கோலத்தைப் பார்த்து அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அந்த ஆள் தலையில் அடித்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டான், அவனைச் சமாதானப்படுத்தி உட்கார வைப்பதற்குள் லயத்து வரிசை வீட்டு ஆள்களெல்லாம் கூடிவிட்டார்கள். பிறகு என்ன, கேசரி கிண்டி எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது, ஆனாலும் கிண்ணமெல்லாம் காலியாகத்தான் திரும்பி வந்தது.

இந்த மாதக் கடைசிக்குள் புண் ஆறாவிட்டால் அம்மாவை ரவாங்கில் இருக்கிற அந்தப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று நீ சொன்னாய், நல்லதுக்குத்தான் சொன்னாய், நானும் சரிம்மா என்றேன். ஆனால் போனை வைத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தெட்டு வருசத்தில் அவளை நான் பிரிந்திருந்தது நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்த நாலு நாளும், இப்போது இடுப்பு ஆபரேசனுக்கு இருந்த நாட்களும்தான். அவள் இல்லாத வீட்டில் நான் யாரிடம் ஏச்சு வாங்குவது, சொல் பார்ப்போம்.

உன்னிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. அந்தப் புண்ணைப் பெரிதாக்கியதே உன் அப்பாதான். ஆபரேசன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் முதுகுக்குக் கீழே சிவந்திருந்தது, பிறகு தோல் உரிந்தது. அந்த இடம் மெத்தையில் படாமல் இருந்தால் ஆறிவிடும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன். நான் தோட்டத்தில் செம்பனைக் குலை தள்ளிய காலத்துத் தள்ளுவண்டி கொட்டகையில் கிடந்ததா, அதன் சக்கரத்தைக் கழற்றி டியூப்பை எடுத்து, ஓட்டை அடைத்து, காற்றடித்து, துணி சுற்றி அம்மாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். புண் சரியாக நடு ஓட்டையில், எதிலும் படாமல்! எனக்கு ஒரே பெருமை. ஆனால் வீடியோ காலில் நீ பார்த்தால் சிரிப்பாய் என்று போர்வையை இழுத்து மூடிவிடுவேன். பத்து நாளில் ஐம்பது காசு அளவு இருந்த புண் என் உள்ளங்கையில் பாதி ஆகிவிட்டது. மிஸி முதல் தடவை வந்து போர்வையைத் தூக்கியதும் டியூப்பின் வால்வு எட்டிப் பார்த்தது. இது என்னா அங்கிள் என்றாள். என் கண்டுபிடிப்பு என்றேன், வெட்கமில்லாமல். இந்த வளையம் சுத்தி நெருக்குது, நடுவுல ரத்தமே போகாது, நீங்கதான் இத வளத்து வெச்சிருக்கீங்க என்று போட்டாளே ஒரு போடு. அன்றைக்கு நான் அழுதேன் ரூபி. உனக்கு வலிக்கலையா, ஏன் சொல்லல என்று அம்மாவைக் கேட்டால், நீங்க அவ்ளோ ஆசையா காத்தடிச்சீங்க, எப்படி வேணாங்கறது என்கிறாள். இவளை என்ன செய்வது?

அதற்குப் பிறகு நான் சொந்த மூளையைப் பயன்படுத்தவில்லை. நீ போனில் அனுப்பிய மருந்துக்கட்டுப் படங்களை எடுத்துக்கொண்டு கோலசிலாங்கூர் பார்மசிக்குப் போனேன், தேன் தடவியது, வெள்ளி கலந்தது, ஜெல், பஞ்சு மாதிரி ஒன்று, அத்தனையிலும் வகைக்கொரு பெட்டி கேட்டேன். காயம் ஈரமா வறண்டதா அங்கிள் என்று அங்கே இருந்த பெண் கேட்டாள். என் மனைவியோடது என்றேன். அவள் சிரித்துவிட்டு, நீர் வடிந்தால் உறிஞ்சுகிற பஞ்சுக்கட்டு, காய்ந்திருந்தால் ஜெல், எதற்கும் உங்கள் மிஸியிடம் கேட்டுவிட்டு வாங்க என்று வெறுங்கையோடு அனுப்பிவிட்டாள். நல்ல பிள்ளை, விற்கத் தெரியாத பிள்ளை! மிஸி ஒரே ஒரு வகைதான் எழுதிக் கொடுத்தாள், ஓரத்தில் மெதுவாக ஒட்டுகிற பஞ்சுக்கட்டு. உப்புத் தண்ணீரில், அதாவது பாட்டிலில் வருகிற சலைனில் கழுவி ஒட்டிவிட்டால் மூன்று நாள் தொடக்கூடாது, நனைந்து ஊறினால் மட்டும் மாற்ற வேண்டும். நானோ தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் மருந்து கட்டிய காலத்து ஆள், தினம் பிரித்துப் பார்த்து அந்த மஞ்சள் மருந்துத் தண்ணீர் தடவினால்தான் எனக்கு மருந்து. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தேனே, அதுதான் பெரிய கஷ்டம்.

திருப்பிப் படுக்க வைக்கிற வேலைக்கு மட்டும் நான் தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் ஆகிவிட்டேன். ஆள் வருகை எழுதுகிற செக்ரோல் மாதிரி ஒரு நோட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இடது பக்கம், வலது பக்கம் என்று எழுதிக் கையெழுத்து. குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. உன் அம்மா என்னைப் பார்த்தாலே, மண்டோர் வந்துட்டார்டா, எனக்கு இன்னிக்கு லீவு போடுங்க லா என்பாள். சுங்கை பஞ்சாங்கிலிருந்து உன் அத்தை புஷ்பா புண் ஆற நல்லது என்று ஹாருவான், அதாவது விரால் மீன் வாங்கி அனுப்புவாள், இரண்டு நாளைக்கு ஒரு தடவை சூப், தினமும் முட்டை. முட்டையைப் பார்த்தால் கோழி மேலேயே கோபம் வருகிறதாம் அம்மாவுக்கு.

புதுத் தோல் பச்சைப்பிள்ளை மாதிரி, திருப்புவதை நிறுத்தினால் திரும்ப வந்துவிடும் என்று மிஸி மிரட்டியிருக்கிறாள், அதனால் நோட்டு தொடரும். பதினைந்து நிமிடம் நாற்காலியில் உட்காரலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடு, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் ஒரே இடத்தில் உட்காராதே, இனி இந்த விசயத்தில் உன் அப்பா சொன்னால் கேட்கலாம். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருசம் வாழ முருகன் துணையிருப்பான். மறக்காமல் இன்றைக்கே அந்த ரவாங் இல்லத்துக்குப் போன் போட்டு இடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. நாளைக்கு என்று தள்ளாதே.

ஆசிகளுடன்
உன் அப்பா
வீரன்

ரூபி, அம்மா எழுதுறேன். டியூப்பு விசயத்துக்கு அப்பாவ ஏசாத, நானே போதும்ங்கற அளவுக்கு ஏசிட்டேன். எழுத்து கோணலா இருக்கும், அஞ்சு மாசத்துக்குப் பிறகு நாற்காலியில உக்காந்து எழுதுறேன். மண்டோர் கடிகாரத்தப் பாத்துக்கிட்டே நிக்கிறார்.