லியேபாயா சிங்கத்தின் முகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? தேனீக்கள் எப்படி இருக்கின்றன? நான் நலம்.

இங்கே துறைமுக வாசலில் நகரச் சின்னத்துக்குப் புதுவண்ணம் பூசுகிறேன். லிண்டன் மரத்தில் முன்னங்கால்களை ஊன்றி நிற்கும் இரட்டைவால் சிங்கம். 'லியேபா' என்று நாம் சொல்லும் அந்த மரம் ஊர்ப்பெயரையும் சிங்கம் நம் கூர்லாந்துச் சீமையையும் குறிக்கின்றன. அதுவரை புரிகிறது. முகத்தை எப்படித் தீட்டுவது?

"களைச்சுப்போய் சாஞ்சிருக்கு" என்றார் மேஸ்திரி.

"போய்யா, கடல்காத்துல மரம் விழாம அதுதான் புடிச்சிருக்கு" என்றாள் மீன் விற்கும் வெல்டா.

எது சரி என்று பார்க்கப் பின்னால் நகர்ந்தேன், சாரப்பலகையிலிருந்து விழுந்துவிட்டேன். வலது மணிக்கட்டில் சுளுக்குதான், பயப்படாதீர்கள்.

"என்னடி, சிங்கம் தள்ளிவிட்டுடுச்சா?" என்று சிரித்துக்கொண்டே வெல்டா கட்டுப்போட்டாள்.

இடதுகையால் இதைக் கிறுக்கிவிட்டேன், தலைவாரத்தான் வரவில்லை. அம்மாவின் தலைக்குட்டையை அனுப்புங்கள். வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள். சிங்கம் மரத்தைத் தாங்குகிறதா, அதில் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை முகத்தைத் தொடமாட்டேன்.

தபால்காரர் காத்திருக்கிறார்.

உங்கள் ஜிட்ரா