ஏழு இழைப்புளிகள்

கம்பம்
1944, பங்குனி 8

அன்புள்ள மாமாவுக்கு முத்துப்பேச்சி எழுதுவது. இங்கே நானும் அத்தையும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் குறையவில்லை. இரண்டாம் போகம் அறுப்பு நடக்கிறது.

பண்ணைப்புரம் கோட்டைச்சாமி வீட்டுக் கதவு வேலை முடிந்தது. அதை விவரமாக எழுத வேண்டும்.

பட்டாளத்து மரவேலைக்குப் போகும்போது ஏழு இழைப்புளிகளையும் பெட்டியில் வைத்து, அலகை யாரும் அசைக்கக் கூடாது என்று சொல்லிப் போனீர்கள். வளைவுக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று, இரட்டை வரிக்கு ஒன்று. "ஒரு ஆளுக்கு எதுக்கு ஏழு? ஒண்ணுலயே அலகை மாத்திக்கிட்டாப் போதாதா" என்று உங்கள் கூட்டாளி பால்பாண்டி அண்ணன் அப்போதே கேட்டார்.

தை மாதம் அண்ணன் மலைக்காய்ச்சலில் படுத்துவிட்டார். கதவுகளின் ஓரத்தில் வளைவும் வரியுமாகக் கரை இழைப்பதுதான் பாக்கி. கோட்டைச்சாமி வந்து, "வைகாசியில கலியாணம். இன்னும் பத்து நாள் பாப்பேன், இல்லேன்னா கூடலூர் ஆசாரிக்குக் குடுத்துருவேன்" என்று சொல்லிப் போனார்.

மறுநாள் பெட்டியைத் திறந்தேன். மூன்று நாள் கழிவுக் கட்டையில் தள்ளிப் பார்த்தேன், பிறகு கதவுகளில் தள்ளினேன். அலகு நீங்கள் வைத்த இடத்திலேயே இருந்ததால் எனக்குத் தள்ளுவது மட்டும்தான் வேலை. ஒரு பலகையில் மூலை பிளந்தது, அதை மாற்றிவிட்டோம்.

கோட்டைச்சாமி கரையை விரலால் தடவிப் பார்த்து, "ராக்கையா பட்டாளத்துலருந்து எப்ப வந்தாக?" என்று கேட்டார். காய்ச்சல் தேறி வந்திருந்த அண்ணன், "அவுக வரலை. பேச்சிதான் தள்ளுச்சு" என்றார். அவர் அடுத்த கதவின் கரையையும் தடவிப் பார்த்தார். பிறகு ஜன்னல்களையும் நம்மிடமே கொடுத்தார்.

போன வாரம் பட்டாளத்திலிருந்து நம் ஊர் சுருளியாண்டி விடுப்பில் வந்திருந்தார். மாசியில் உங்களை ஆஸ்பத்திரியில் பார்த்ததாகவும், வலது கையில் பெரிய கட்டு இருந்ததாகவும் சொன்னார். மேற்கொண்டு கேட்டதற்கு, "எனக்குத் தெரியாது தாயி" என்று தரையைப் பார்த்தார். அத்தையிடம் நான் இதைச் சொல்லவில்லை. ஐப்பசிக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதம் இல்லை.

மரம் பார்த்து வாங்கவும் அளவு சொல்லவும் இங்கே ஆள் இல்லை. எனக்கு அது தெரியாது. அதற்குக் கண்ணும் வாயும் இருந்தால் போதும் என்கிறார் அண்ணன். இழைப்பதை நான் பார்த்துக்கொள்வேன். அங்கே உங்களை விடுவித்தால் நேரே வீட்டுக்கு வாருங்கள்.

பதில் உங்கள் கையெழுத்தில்தான் வர வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் யாரிடமாவது சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முத்துப்பேச்சி