வெள்ளி பூசிய துணி

இன்று காலை இன்குபேட்டரைத் திறந்ததும் கிருமி வளர்க்கும் தட்டுகளின் புளித்த வாடை முகத்தில் அடித்தது. "பீன்யா பஸ் நாத்தத்துக்கு இது பரவாயில்லடி" என்று நீ சொல்லிச் சிரிப்பது காதில் விழுந்தது. நீ போன பிறகு இந்த ஆய்வுக்கூடத்தில் அப்படிச் சிரிக்க ஆளில்லை.

துத்தநாக ஆக்சைடு நுண்துகள்களில் வெள்ளியைப் படியவைத்து, காயத்துக்குக் கட்டும் துணியில் பூசுவதுதான் நம் இருவருக்கும் வேலை. மருந்துகளுக்கு மசியாத கிருமிகூட அந்தத் துணியின் பக்கம் வளரவில்லை என்று தெரிந்த அன்று, என் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினாய்.

அந்த வாரம்தான் உன் அப்பா கோலார் தங்கவயலிலிருந்து உன் காக்ஸ் டவுன் வீட்டுக்கு வந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண். நான் பார்க்க வந்தபோது உன்னிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"அத்தினி கிருமிய சாவடிக்குதுன்னியேம்மா. எங்கால்ல ஒரு துண்டு கட்டினா இன்னா?"

"அது தோலையும் சாவடிக்குதுப்பா. நேத்துதான் பார்த்தோம். தோல் செல்லு ஒண்ணுகூட தங்கல."

"விரல எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு. இதுக்கு மேல இன்னா கெடப்போவுது?"

"கால் இருக்குல்லப்பா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாய்.

பெருவிரலை எடுத்தார்கள், கால் தப்பியது. ஆனாலும் பல மாதம் அவர் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ வெள்ளியின் அளவைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தாய். தோல் செல் பிழைத்தால் கிருமியும் பிழைத்துக்கொண்டது. "ரெண்டும் கூட்டாளிங்க போல" என்று சலித்துக்கொள்வாய். ஒருவழியாகக் கிருமி செத்து, செல் பிழைத்த அன்று முதலில் அவருக்குத்தான் போன் செய்தாய்.

"அப்ப கட்டிக்கலாமா?"

"இன்னும் இல்லப்பா. மொதல்ல எலிக்கு."

"எலிக்குக் கீற மரியாத எனக்கில்லையா?" என்று அவர் சிரித்தது எனக்கும் கேட்டது. நீ போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தாய்.

அடுத்த மழைக்காலத்தில் டெங்கு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் முதல் நோயாளிக்கு நம் துணியைக் கட்டினார்கள். உன் அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். அவர் கேட்டார்:

"தோலுக்கு ஒண்ணும் ஆவலியேம்மா?"

அது உன் கேள்வி. இப்போதெல்லாம் எந்தச் சோதனை முடிவு வந்தாலும், எது செத்தது என்று பார்க்கும் முன் நானும் அதைத்தான் கேட்கிறேன்.