இரண்டு குப்பியிலும் என் ரத்தம்

நாள் 212, 09:10
இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். நான் அல்லி, வயது பதினாறு, ‘ஓங்கல்’ விண்கலத்தின் அதிகாரபூர்வத் தொல்லை. எனக்கும் தம்பி செழியனுக்கும் செம்புக் காய்ச்சல். இருவரையும் தனியறையில் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். டாக்டர் ஜெசிந்தா புது மருந்தைச் சோதிக்கிறார். ரத்தத்தில் கே-7 என்ற புரதம் இருந்தால்தான் அது கேட்குமாம். அது இருப்பவர்கள் ஒரு குழு. இல்லாதவர்களுக்கு அந்த மருந்து கல்லீரலைத் தின்றுவிடுமாம். அவர்களுக்கு மாற்று மருந்து. ரத்தம் எடுத்து அனுப்பச் சுவர்த் திறப்பு வழியே ஆளுக்கொரு குப்பி, ஆளுக்கொரு ஊசி வந்தது.

நாள் 212, 09:40
ஊசியைப் பார்த்ததும் செழியன் கட்டிலுக்கடியில். “அக்கா, ப்ளீஸ், ரெண்டுக்கும் நீயே குடுத்துடேன். உனக்குத்தான் கொழுப்பும் ஜாஸ்தி, ரத்தமும் ஜாஸ்தி.”
அந்த வாய்க்குத் தலையில் ஒரு குட்டு வைத்தேன். பிறகு கொடுத்துவிட்டேன். ஒரே அம்மா பெற்ற ரத்தம், யாருக்குத் தெரியப்போகிறது?

நாள் 212, 17:30
முடிவு வந்தது: இருவருக்கும் கே-7 உண்டு! புது மருந்து மாத்திரைகளும் வந்துவிட்டன. டாக்டரையே ஏமாற்றிய சாதனை. குறித்துக்கொள்ளவும்.

நாள் 214, 11:05
எனக்குக் காய்ச்சல் விட்டது. செழியனுக்குக் கண் மஞ்சள். “மாம்பழக் கண்ணா” என்றேன். பாதிதான் சிரித்தான்.

நாள் 215, 16:20
கஞ்சிகூட இறங்கவில்லை அவனுக்கு. சொல்லிவிடலாமா? டாக்டர் தோலை உரிப்பார். நாளை சரியாகிவிடும்.
மாத்திரையை இன்றும் நான்தான் ஊட்டினேன்.

நாள் 216, 10:02
ஒலிபெருக்கியில் டாக்டர்: “அல்லி, தம்பிக்குக் கே-7 இருந்தும் மருந்து கேக்கல. அளவு பத்தலைன்னு நெனைக்கிறேன். ரெட்டிப்பா அனுப்பறேன், குடுத்துடும்மா.”

10:04
வந்துவிட்டன. நான்கு மாத்திரை. என் உள்ளங்கையில்.

10:07
சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். டாக்டர் கத்தினார்:
“குடுக்காத. ஒண்ணுமே குடுக்காத. இப்பவே அவன் ரத்தத்த எடுத்து அனுப்பு. கே-7 இல்லைன்னு தெரிஞ்சாத்தான் மாத்து மருந்து. இருந்துட்டா அதுவே விஷம். திட்டறதெல்லாம் அப்புறம். எடுடி!”

10:09
ஊசியைப் பிரித்துவிட்டேன். கூரை பிய்ந்து போகக் கத்துவான். கத்தட்டும்.

10:10
விரலில் குத்திவிட்டேன்.
கத்தவில்லை.
கையைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை.
சொட்டு மெதுவாக, ரொம்ப மெதுவாக
டேய் செழியா
கத்துடா