யாரும் குறை சொல்லாத கால்மிதி

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், அப்பா முக்கால் சுகம், மீதிக் கால் அவருடைய இடுப்பில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே நீ முழுச் சுகமாக இருக்கிறாய் என்றும், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்றும் நம்புகிறேன், இரண்டாவதை அவ்வளவாக நம்பவில்லை. அப்பா குளியலறை வாசலில் வழுக்கி விழுந்ததைப் போனில் சொன்னேன் அல்லவா, பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை, எலும்புக்குச் சேதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் உட்காரும்போது ஒரு முனகல், எழுந்திருக்கும்போது ஒரு முனகல், நான் கவனிக்கவில்லை என்று தெரிந்தால் நடுவில் காரணமே இல்லாமல் இன்னொரு முனகல். ஈரத் தரையில் வழுக்கினார் என்று உன்னிடம் சொன்னது பாதி உண்மைதான், மீதியைப் போகப்போகச் சொல்கிறேன், அதுவரை கோபித்துக்கொள்ளாதே. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் எதைக் கேட்டாலும் நீ சூப்பர்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். எனக்கு ஒரு கேள்விக்கு சூப்பர்மா இல்லாத பதில் வேண்டியிருக்கிறது.

நான் மின்சார ஆபீசில் புகார் கவுன்டரில் உட்கார்ந்து வேலை பார்த்த காலமெல்லாம் உனக்குத் தெரியும், பில் அதிகம், கரண்ட் இல்லை, மீட்டர் ஓடவில்லை, மீட்டர் நிற்கவில்லை என்று ஊரே வந்து என் முகத்தில்தான் கத்தும். வீட்டுக்கு வந்தால் சாம்பாரில் உப்பில்லை என்று நீயும் அப்பாவும் ஒரு புகார் வைப்பீர்கள். அதனால் ஓய்வு பெற்றதும் ஒரு முடிவு எடுத்தேன், இனிமேல் நன்றி சொல்லுகிறவர்கள் பக்கமாகப் பார்த்து உட்கார வேண்டும் என்று. அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரர் வந்து அறக்கட்டளைக்குப் பொருளாளராக வரச் சொன்னார், கேட்டு முடிப்பதற்குள் தலையை ஆட்டிவிட்டேன். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை, சுற்றினால் சத்தம் போடுகிற ஃபேன், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, வாசலில் ஒரு போர்டு. அதில் நிலையான உள்ளூர்ப் பொருளாதார வளர்ச்சி என்று இருக்கும், எழுதியவருக்கு இடம் போதாமல் வளர்ச்சியை மட்டும் ஓரத்தில் பொடியாக எழுதிவிட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் கொள்கை ஒன்றும் கஷ்டமானது இல்லை, இங்கே வீணாகப் போகிற பொருளை வைத்து இங்கே இருக்கிறவர்கள் கையால் ஏதாவது செய்ய வேண்டும், அதை இங்கேயே விற்க வேண்டும். நாங்கள் பணம் கொடுக்க மாட்டோம், வாங்குகிற ஆளைப் பிடித்துக் கொடுப்போம். தலைவர் மருந்துக்கடைக்காரர், எதை எடுத்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்து டீ ஆறிப்போகும்வரை பேசுவார், அதனால் அவருக்குப் பின்னால் நாங்கள் வைத்திருக்கிற பெயர் சுருக்கம். செயலாளர் பல் டாக்டரம்மா, அவர் யாரையும் பேச விடமாட்டார், தொழில் பழக்கம், எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தான் அவருக்குப் பிடிக்கும்.

இந்த மூன்று மேதைகளும் சேர்ந்து முதன்முதலில் கைதூக்கிவிடக் கிளம்பியது ஒரு தறிக்காரப் பெண்ணை. தையல் கம்பெனியில் பாக்கிங் பிரிவில் வேலை, வயது உன் சின்ன அக்காவைவிட ஒன்றிரண்டு கூட இருக்கும், வீட்டுக்காரர் இல்லை, பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. கம்பெனியில் வெட்டியது போக மிஞ்சுகிற துணித் துண்டுகளைக் குப்பையில் கொட்டுவார்கள், அதை மூட்டையாகக் கட்டி எடுத்து வந்து, வீட்டுக் கூடத்தில் ஒரு சின்னத் தறி போட்டு, லீவு நாளில் கால்மிதி நெய்வாள். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது, அவ்வளவு அழகான நிறச் சேர்க்கை. மிதிக்கவே மனசு வராது, பிற்பாடு யோசித்தால் அதுவே ஒரு எச்சரிக்கை மாதிரிதான் இருந்திருக்கிறது. மருந்துக்கடையில் கொஞ்சம், பல் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் கொஞ்சம், நம் தெரு மளிகைக் கடையில் கொஞ்சம் என்று அடுக்கி வைத்தோம். வாரக் கடைசியில் அவள் வந்து பார்ப்பாள், எல்லாம் தீர்ந்திருக்கும். அவள் முகம் மலர்வதைப் பார்க்க எங்களுக்குள் போட்டி. ரொம்ப நன்றி அக்கா என்று அவள் சொல்லும்போது எனக்குக் கால் தரையில் நிற்காது.

கால் தரையில் நிற்காததற்கு வேறு காரணமும் இருந்தது, நம் வீட்டுத் தரை முழுக்க கால்மிதியாகிவிட்டது. முதல் வாரம் மருந்துக்கடைப் பக்கம் போனேன், அடுக்கு அப்படியே இருந்தது, மனசு கேட்கவில்லை, வாங்கிவிட்டேன். அடுத்த தடவை நானே போனால் நன்றாக இருக்காது என்று அப்பாவைப் பல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், பல்லே வலிக்காத மனிதர் அங்கே போய் உட்கார்ந்து இரண்டு கால்மிதியோடு திரும்பி வந்தார். அப்புறம் பக்கத்து வீட்டு அக்காவை மளிகைக் கடைக்கு அனுப்பினேன். வாசலுக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று, ஃப்ரிட்ஜுக்குக் கீழே, தையல் மெஷினுக்குக் கீழே, உன் பழைய அறையில் கட்டிலுக்கு அடியில் ஒரு கட்டு. இந்த வீட்டுத் தரை என்ன நிறம் என்றே மறந்துபோச்சு என்று அப்பா சொன்னார், அவருக்கு உள்ளூர்ப் பொருளாதாரம் பற்றி ஒன்றும் தெரியாது என்று அடக்கிவிட்டேன். கூட்டத்தில் மட்டும் விற்பனை பிரமாதம் என்று நெஞ்சை நிமிர்த்திக் கணக்குச் சொல்வேன், மற்ற இரண்டு பேரும் அதைவிடப் பெருமையாகத் தலையாட்டுவார்கள். அவர்கள் ஏன் அப்படி ஆட்டுகிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை பார்.

போன மாதம் மருந்துக்கடைக்காரருக்கு முழங்காலில் கட்டு, கடை ஏணியிலிருந்து வழுக்கிவிட்டதாகச் சொன்னார், அதனால் கூட்டத்தை அவர் வீட்டிலேயே வைத்தோம். நானும் பல் டாக்டரம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைக்கிறோம், வாசலில் ஒரு கால்மிதி, நடையில் ஒரு கால்மிதி, கூடத்திலிருந்து அவர் படுத்திருக்கிற கட்டில்வரை கால்மிதியாலேயே பாதை போட்டிருக்கிறது. டாக்டரம்மா முகத்தைப் பார்த்தேன், திருட்டு முழி, என் முழியும் அப்படித்தான் இருந்திருக்கும். மருந்துக்கடைக்காரர் வீட்டம்மா டீயோடு வந்து, பார்த்து வாங்க, அது வழுக்கும், இவரை அதுதான் விழத்தட்டிச்சு, உங்க வீட்லயும் வழுக்குதா என்று ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார். அவ்வளவுதான், குட்டு உடைந்தது. தன் கடைச் சரக்கைத் தானே வாங்க வெட்கப்பட்டு மருந்துக்கடைக்காரர் தன் மச்சானைப் பல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார், டாக்டரம்மா தன் நர்ஸை மருந்துக்கடைக்கு அனுப்பியிருக்கிறார், என் வண்டவாளம்தான் மேலே சொல்லிவிட்டேன். டாக்டரம்மா வீட்டில் வழுக்காமல் இருக்க நாலு மூலையிலும் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறாராம். ஊருக்கே சந்தை பிடித்துக் கொடுக்கக் கிளம்பிய நாங்கள் மூன்று பேர்தான் அந்த மொத்தச் சந்தையும். உன் அப்பாவை விழத்தட்டியதும் அதே கால்மிதிதான், யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியதும் நான்தான், இப்போது நீ தாராளமாகக் கோபித்துக்கொள்ளலாம்.

சிரித்திருப்போம், ஆனால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் தறிக்காரப் பெண் தன் கம்பெனியில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தாள். மாதக் கடைசியோடு நின்றுவிட்டு, சைக்கிள் கடைக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டை வாடகைக்கு எடுத்து இன்னொரு தறி போடப் போகிறாள், பாக்கிங்கில் கூட வேலை செய்கிற இரண்டு பெண்களும் அவளோடு வருவதாக ஏற்பாடு. எல்லாம் எங்கள் பிரமாதமான விற்பனையை நம்பி. உண்மையை யார் போய்ச் சொல்வது என்று வந்தபோது, சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார் மருந்துக்கடைக்காரர், வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜமாகவே சுருக்கமாகச் சொன்னார். டாக்டரம்மாவுக்கு அன்றைக்குப் பார்த்துப் பிடுங்க நிறையப் பல் இருந்தது. நான் போனேன். அவள் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள், ஷெட்டுக்கு என்ன நிறம் அடிக்கலாம் அக்கா என்று கேட்டாள், நான் மென்று விழுங்கிவிட்டு நீலம் நன்றாயிருக்கும் என்று சொல்லி, மேற்கொண்டு இரண்டு கால்மிதியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அப்பா என் கையைப் பார்த்தார், முனகக்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் வெறுங்கையோடு திரும்புவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தறி நின்றது. அப்போ என் மிதி நல்லா இல்லையா அக்கா என்று கேட்டாள், ரொம்ப அழகாக இருக்கிறது என்று பழக்கதோஷத்தில் சொன்னேன். அப்புறம் அவளாகவே, வெளியூர்க்காரர் ஒருத்தர் இருக்கிறாரே, அவர் தெரியாத மனுஷர்தானே, மாசா மாசம் மெசேஜ் போட்டு வாங்குகிறாரே என்றாள், முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பகலில் வீட்டில் ஆள் இருக்காது, பார்சலைக் கீழே சலவைக் கடையில் கொடுக்கச் சொல்லுங்கள், கடைக்காரர் தூங்கினால் தட்டி எழுப்பச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாராம். உனக்கு நான் எது அனுப்பினாலும் நீ சொல்லுகிற அதே வார்த்தை. அவள் நம்பரைப் பெருமையாக உனக்கு அனுப்பியதும் நான்தானே. அறைத்தோழன் பெயரில் வாங்கினால் அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்தாயா, ஒற்றை வாசல் இருக்கிற அறைக்கு மாசா மாசம் கால்மிதி எதற்கடா?

அந்த ஒன்றையாவது அவளிடம் விட்டுவைக்கலாமா என்று ஒரு நொடி சபலம் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அப்பா விழுந்த சத்தம் காதில் கேட்டது. அவர் என் மகன் என்று சொன்னேன். கையோடு, உன் கால்மிதி வழுக்குகிறது, இரண்டு பேர் விழுந்துவிட்டார்கள் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. நேராகக் கேட்டாள்.

"வழுக்குதுன்னு ஒருத்தர்கூட ஏன்க்கா சொல்லலை? சொன்னா நான் அழுதுடுவேன்னு நினைச்சீங்களா?"

ஆமாம், அப்படித்தான் நினைத்தோம். கடைக்காரனிடம் தக்காளி அழுகல் என்று தூக்கிப் போட்டுச் சண்டை போடுகிற நான், அவளை ஒரு கடைக்காரியாகக்கூட மதிக்கவில்லை, பாவம் என்று மட்டும் நினைத்திருக்கிறேன். வாழ்நாள் முழுக்க புகார் வாங்கியே பிழைத்தவளுக்கு, புகார் கிடைக்காமல் ஒருத்தி நொடித்துப்போவாள் என்று தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

அவள் அன்றைக்கே கம்பெனிக்குப் போய் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட்டாள். வேலை இருக்கிறது, பழைய இடம் இல்லை, உட்கார்ந்து மடிக்கிற மேஜையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள், இப்போது நின்றபடி பெட்டி கட்டுகிற பக்கம் போட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு பெண்களிடமும் அவளே போய்ச் சொல்லிவிட்டாள், நாங்கள் மூன்று பேரும் கூட வருகிறோம் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். ஆனால் லீவு நாளில் தறிச் சத்தம் நிற்கவில்லை. சைக்கிள் கடையில் தூக்கிப் போடுகிற பழைய டியூபைக் கீற்றாக வெட்டிக் கால்மிதிக்கு அடியில் தைத்துப் பார்க்கிறாள். முதல் உருப்படியைக் குளியலறை வாசலில் போட்டிருக்கிறேன், அப்பா அதைத் தாண்டித் தாண்டிப் போகிறார், ஒருநாள் மிதிப்பார். அறக்கட்டளையிலும் ஒரு புது விதி, எங்கள் மூன்று குடும்பமும் இனி எதையும் வாங்கக் கூடாது. விற்பனை இப்போது கிட்டத்தட்ட இல்லை, கூட்டத்தில் நான் அதை அப்படியே படிக்கிறேன், யாரும் தலையாட்டுவதில்லை.

உன்னைப் பற்றி அவள் ஒன்று சொல்லச் சொன்னாள், அதற்காகத்தான் இவ்வளவு நீட்டியிருக்கிறேன். "உங்க மகன்கிட்ட கேளுங்கக்கா. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லட்டும், ஏன்னும் சேர்த்துச் சொல்லட்டும்." நீ வாங்கியதெல்லாம் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நீ என் வயிற்றில் பிறந்தவன். அம்மா வருத்தப்படுவாளே என்று வாங்கினாய், அதை நினைத்தால் எனக்குத் திட்ட வரவில்லை. ஆனாலும் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஒன்றைப் பிரித்துப் போடு, ஈரக் காலோடு மிதி, சுவரைப் பிடித்துக்கொண்டு மிதி. சாயம் போகிறதா, ஓரம் பிரிகிறதா, கதவில் தட்டுகிறதா, எல்லாம் பார்த்து நேராக அவளுக்கே எழுது, எனக்கு வேண்டாம், நான் நடுவில் இருந்தால் சர்க்கரை போட்டுவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி கண்விழிக்காதே, அறைத்தோழனுக்கு என் அன்பைச் சொல், அவன் பெயரைக் கெடுத்ததற்கு மன்னிப்பும் கேள். நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக நடந்து, நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும் என்று நானும், நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமலே அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
மறுபடியும் புகார் கவுன்டரில் வந்து உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா

மறந்துவிடாதே, அவளுக்கு எழுதும்போது நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதிவிடாதே.