ஏழாம் கட்டிலின் திருப்திப் படிவம்

அன்புள்ள அப்பாவுக்கு, மூச்சிரைப்பு குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

எங்கள் வார்டில் நோயாளிகளுக்குத் திருப்தியா என்று படிவம் வாங்குகிறோம். எழுத முடியாதவர்களுக்கு நாங்களே அதிலுள்ள சிரித்த முகப் படத்தில் டிக் போட்டுவிடுவோம். நேற்று மதியத்துக்குள் எல்லாம் வேண்டுமென்று மேற்பார்வையாளர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நின்றார். ஏழாம் கட்டில் பெரியவர், "தண்ணி குடும்மா" என்றார். "இதோ வந்துட்டேன்யா" என்று மூன்று முறை சொன்னேன். படிவங்களை முடித்துவிட்டுத் தம்ளரோடு போனபோது அவர் இறந்திருந்தார். அவருக்கும் 'மிகவும் திருப்தி' என்று காலையிலேயே போட்டிருந்தேன். ஒரு படிவமும் விடுபடவில்லை என்று என்னைப் பாராட்டினார்கள்.

கவலைப்படாதீர்கள், இங்கே இது சகஜம். இரண்டு பருத்திக் கைக்குட்டை அனுப்புங்கள். டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போனால் கையோடு தண்ணீர் கொண்டுபோங்கள். அங்கேயும் என்னைப்போல் ஒருத்தி இருப்பாள்.

உங்கள் மகள்